பனிப்பாறையா, பனிக்கட்டியாறா?

மலைச்சரிவில் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரளைக் குறிக்கும் கிளேசியர் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு மூன்று பெயர்கள் புழங்குகின்றன. இந்தியச் செய்திகளில் பெரும்பாலும் 'பனிப்பாறை'. சிலர் 'பனியாறு' என்பார்கள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் புவியியல் படித்தவர்களுக்குப் பழகினது 'பனிக்கட்டியாறு'. நாக்கு கொஞ்சம் தடக்கும், என்றாலும் என் வாக்கு இந்தச் சொல்லுக்குத்தான்.

பனிப்பாறையில் என்ன பிழை? டைட்டானிக் கப்பல் மோதியதையும் பனிப்பாறை என்கிறோம், கங்கை பிறக்கிற இடத்தையும் பனிப்பாறை என்கிறோம். முதலாவது கடலில் மிதக்கும் ஐஸ்பெர்க். மற்றது மலைப் பள்ளத்தாக்கை நிறைத்துக்கொண்டு கீழ்நோக்கி நகர்வது. பாறை என்றால் கிடந்த இடத்தில் கிடப்பது என்றுதான் மனதில் படும். பிறகு "பனிப்பாறை உருகி ஆறு வற்றும்" என்று சொன்னால் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கும்?

2021 பெப்ரவரி 7ஆம் திகதி உத்தரகாண்டின் சமோலியில் வெள்ளம் வந்தபோது, 'பனிப்பாறை உடைந்தது' என்றே தமிழ்ச் செய்திகள் எழுதின. பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு: றொன்டி என்ற சிகரத்தின் சரிவிலிருந்து ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் கன மீற்றர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்திருந்தன. அதில் ஐந்தில் நான்கு பங்கு வெறும் பாறை. அன்றைக்கு மட்டும் பனிப்பாறை என்ற சொல் தற்செயலாகப் பொருந்திவிட்டது!

கிளேசியர் பிரெஞ்சுச் சொல். அல்ப்ஸ் மலைப்பகுதி மக்களின் பேச்சிலிருந்து வந்தது. பிரெஞ்சில் 'கிளாஸ்' என்றால் பனிக்கட்டி. அதற்கு மூலம் 'கிளாசியெஸ்' என்ற இலத்தீன் சொல். அந்தச் சொல்லுக்குள் ஆறும் இல்லை, பாறையும் இல்லை. ஆற்றைச் சேர்த்தது தமிழ்தான், சேர்த்ததும் சரிதான். மலையில் விழும் பனி கோடையிலும் முழுதாக உருகாமல் ஆண்டாண்டாய்க் குவிகிறது. மேலே உள்ள பாரத்தில் அடிப்பனி காற்றை இழந்து கட்டியாய் இறுகுகிறது. தடிப்புக் கூடக்கூடத் தன் பாரத்தாலேயே நெளிந்து சரிவில் இறங்கத் தொடங்கும். பெரும்பாலும் ஒரு நாளைக்குச் சில சென்ரிமீற்றர், வேகமானவை ஒரு மீற்றருக்கு மேலும். கங்கோத்திரிப் பனிக்கட்டியாறு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளம், சியாச்சென் 70 கிலோமீற்றருக்கு மேல். கங்கோத்திரியின் முனையான கோமுகத்தில் பாகீரதி வெளியே வருகிறாள். தேவபிரயாகையில் அலகநந்தாவோடு சேர்ந்த பிறகுதான் கங்கை என்ற பெயர். பழந்தமிழில் 'ஆறு' என்றால் வழி என்றும் பொருள். ஆற்றுப்படை என்பதில் இருப்பது அந்த ஆறுதான். மலையை அரைத்துத் தனக்கு வழி வெட்டிக்கொண்டு இறங்கும் ஒன்றுக்கு அந்தப் பொருளும் பொருந்தும்.

இமயம் சங்கப் புலவர்களுக்குத் தெரிந்த பெயர். புறநானூற்றின் இரண்டாம் பாட்டு 'பொற்கோட்டு இமயமும் பொதியமும்' என்று இரண்டு மலைகளையும் சேர்த்தே சொல்லும். ஹிமம், ஆலயம் சேர்ந்த ஹிமாலயம், அதாவது பனியின் இருப்பிடம். சரி, ஆனால் நம்முடைய 'பனி' எது? மார்கழியில் விடியப்புறம் தலையில் இறங்குவது, புல்லில் முத்தாய் நிற்பது. முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்குப் பெயர் வைத்ததும் இந்தப் பனியைக் கொண்டுதான். அதனால் பனியாறு என்று கேட்டால் மூடுபனி ஓடுவதுபோல எனக்குத் தோன்றும். 'கட்டி' நடுவில் நிற்பது வீண் இல்லை. தலைப்புக்குச் சுருக்கமாக வேண்டுமென்றால் பனியாறு என்று போடலாம், பெரிய குற்றம் கிடையாது.

இந்தச் சொல் எதைச் சுமக்கிறது என்று பார்க்க, லடாக்கிலுள்ள லே நகரத்தை யாழ்ப்பாணத்தோடு வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 3,500 மீற்றர் உயரத்தில் இருக்கும் லேயில் ஆண்டு மழை 100 மில்லிமீற்றர் அளவுதான். இங்கே 1,200க்கு மேல். ஆனால் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு நமக்கு ஒன்றுகூட இல்லை. வழுக்கியாறு மாரியில் ஓடி அராலிப் பக்கம் கடலில் விழும். கோடையில் அதன் தடத்தில் மாடு மேயும். பெய்கிற மழையில் பெரும் பங்கைச் சுண்ணக்கல் குடித்துக் கிணற்றுக்குக் கொடுக்கிறது. லேக்குப் பக்கத்தில் சிந்து நதி ஓடிக்கொண்டே இருக்கிறது. நமக்கு ஆறு வற்றும் கோடையில்தான் அங்கே பனிக்கட்டி உருகி ஆறு பெருகும். லடாக் விவசாயிகளுக்கு ஒரே தொல்லை, விதைக்கிற சித்திரை, வைகாசியில் மேலேயுள்ள பனிக்கட்டி போதிய அளவு உருகியிருக்காது. அதற்காகச் செவாங் நொர்பெல் என்ற பொறியியலாளர் ஊர்களுக்குக் கிட்டவே, குறைந்த உயரத்தில், மாரிக்கால நீரை மறித்து உறையவைத்தார். அதைச் 'செயற்கைப் பனிக்கட்டியாறு' என்கிறார்கள். அது மட்டும் நகர்வதில்லை. அதைப் 'பனிக்கட்டித் தேக்கம்' என்றாலே போதும்.