பேய் இல்லாத திகில்: கேம் ஜாமின் 48 மணி நேரத்தை எதில் செலவழிப்பது

கேம் ஜாமில், அதாவது 48 மணி நேரத்துக்குள் ஒரு கணினி விளையாட்டைச் செய்து முடிக்கும் போட்டியில், பாதியில் நின்றுபோன திகில் விளையாட்டுகளைத் திறந்து பார்த்தால் கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி முதல் வேலையாகப் பேயைச் செய்ய உட்கார்ந்திருப்பார்கள். பேய்க்கு உடம்பு வேண்டும், நடை வேண்டும், துரத்தத் தெரியவேண்டும், வாசலைக் கண்டுபிடித்து நுழையத் தெரியவேண்டும். பிடித்துவிட்டால் என்ன ஆகும், பிறகு ஆட்டம் எங்கிருந்து தொடங்கும் என்று வேலை நீண்டுகொண்டே போகும். ஞாயிறு காலையில் அந்தப் பேய் கதவு நிலையில் முட்டிக்கொண்டு நிற்கும். சுற்றிலும் சாம்பல் நிறச் சுவர்கள். ஓர் ஓசை இருக்காது. ஆடுகிறவர் பயப்படுவதற்கு அங்கே எதுவுமே இல்லை.

பேயை விட்டுவிடுங்கள். ஓர் இடம், அந்த இடத்துக்கு ஒரு விதி, அந்த விதி கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகுவது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து 48 மணி நேரத்தில் முடிக்கக்கூடியது இவ்வளவுதான். பயமும் இதில்தான் கூடுதலாக வரும். போடி, கம்பம், குமுளி, மூணாறு என்று எல்லையோரத்தில் இருந்துகொண்டு முதல் ஜாமுக்குப் பெயர் கொடுக்கும் குழுக்களுக்காக, அந்த மலையிலிருந்தே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

1902-ல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-ல் இரண்டடி அகலப் பாதையாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்தது. அங்கிருந்து பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் போய்ச் சேர்ந்தன. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. அது மலையாள ஆண்டு 1099 என்பதால் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றே சொல்கிறார்கள்.

விளையாட்டு அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஓர் இரவில் நடக்கிறது. ஆடுகிறவர் மேல் நிலையத்தின் காவலாள். ரயில் வருவதில்லை, அனுப்ப ஒரு பெட்டியும் இல்லை. ஆனாலும் கீழேயிருந்து மணி அடிக்கிறது, கயிறு நகர்கிறது, மூடுபனிக்குள்ளிருந்து ஒரு தொட்டி மேலே வருகிறது. அதைப் பார்த்துப் பேரேட்டில் எழுதவேண்டும். வேலை அவ்வளவுதான். "நாலாவது தொட்டி. பெட்டி இல்லை. கயிறு ஈரம்." எழுதிவிட்டுத் திரும்பி வரும்போது, அதே கையெழுத்தில் அஞ்சாவது வரி ஏற்கெனவே எழுதியிருக்கிறது. மணி இன்னும் அடிக்கவில்லை.

இதற்கு எழுதவேண்டிய நிரல் சின்னது. 'வருகை' என்று ஓர் எண், 1 முதல் 7 வரை. ஒவ்வொரு வருகைக்கும் மூன்றே மாற்றங்கள்: ஓர் ஓசை, ஒரு வெளிச்சம், இடம் மாறும் ஒரு பொருள். மொத்தம் 21. தாளில் கட்டம் போட்டு முதலிலேயே நிரப்பிவிடுங்கள். நேரம் போதாமல் போனால் 5, 6 இரண்டையும் வெட்டிவிடலாம், கதை உடையாது. துரத்தும் பேயை இப்படிப் பாதியாக வெட்ட முடியாது.

பொருள்கள் ஆடுகிறவர் பார்க்காத நேரத்தில் இடம் மாறவேண்டும். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடாட் 4-ல், பொருள் திரையில் தெரிகிறதா என்று சொல்லும் கணு (காட்சியில் வைக்கும் ஓர் உறுப்பு) ஒன்று இருக்கிறது; அதை மட்டும் நம்பினால் ஏமாற்றும். கேமராவின் பார்வைக் கூம்புக்குள் பொருள் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும், நடுவில் சுவர் இருப்பதைக் கணக்கில் எடுக்காது. பக்கத்து அறை நாற்காலி 'தெரிகிறது' என்றே சொல்லிக்கொண்டிருப்பதால் நாற்காலி கடைசிவரை நகராது. எந்த அறைக்குள் ஆடுகிறவர் நிற்கிறார் என்பதையும், உள்ளே யார் இருக்கிறார் என்று சொல்லும் ஒரு பகுதிக் கணு வைத்துச் சேர்த்துப் பாருங்கள்.

இடத்தின் அளவு 30 மீட்டருக்கு 20 மீட்டர் போதும்: ஒரு மேடை, ஓர் எந்திர அறை, ஒரு காவலறை, தண்டவாளம் அறுந்து கிடக்கும் ஒரு சரிவு. நடை வேகம் நொடிக்கு 2 மீட்டர், கண் உயரம் 1.6 மீட்டர். மூன்று மீட்டர் வேகத்தில் விட்டால் இடம் பொம்மை வீடாகிவிடும். கதவை மட்டும் நிஜ அளவான 0.9 மீட்டரில் வைக்காமல் 1.2 மீட்டராக வையுங்கள். இல்லையென்றால் ஆடுகிறவரைச் சுற்றியுள்ள, கண்ணுக்குத் தெரியாத மோதல் உருவம் நிலையில் உரசி நிற்கும், பயம் அங்கேயே எரிச்சலாக மாறிவிடும்.

நேரக் கணக்கை இப்படிப் போடலாம். இரண்டு இரவும் ஆறாறு மணி நேரத் தூக்கம், அது 12. மீதி 36-ல் வெறும் பெட்டிகளால் இடத்தைக் கட்ட 4, விதிக்கு 6, ஒலிக்கு 10, வெளிச்சத்துக்கும் பொருள்களுக்கும் 8, எழுத்து, மெனு, அமைப்புகளுக்கு 3, சோதனைக்கும் ஏற்றுவதற்கும் 5. தூக்கத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்கவேண்டாம். இரண்டாம் இரவு மூன்று மணிக்குத் திருத்திய நிரலைக் காலையில் திரும்ப எழுதவேண்டியிருக்கும். கண் எரிய உட்கார்ந்திருப்பவருக்கு இருட்டும் ஒலியளவும் சரியாகத் தெரியாது. எல்லாவற்றையும் கூட்டி வைத்துவிடுவார்.

ஒலிக்கு ஏன் 10 மணி நேரம்

மூடுபனியில் கண் பத்தடிக்கு மேல் போகாது, காது போகும். அந்த மலையில் பனி இறங்கிய நாளில் நின்றவர்களுக்கு இது தெரியும்: லாரி வளைவில் திரும்புவதைக் காதுதான் முதலில் சொல்லும். விளையாட்டிலும் அதே கணக்கு. தொட்டி தெரிவதற்கு 20 நொடி முன்னால் கப்பி கிறீச்சிடத் தொடங்கவேண்டும். பயம் அந்த 20 நொடிக்குள்தான் இருக்கிறது. தொட்டி வந்து நின்ற பிறகு அது வெறும் தொட்டி.

கப்பி ஓசைக்கு வெளியே தேடவேண்டாம். எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பி ஒன்று போதும். கைபேசியில் பதிந்து பாதி வேகத்துக்குக் குறைத்தால் சுருதி ஓர் ஆக்டேவ் இறங்கி, கைக்கு அடங்காத பெரிய இரும்பின் முனகலாகிவிடும். பதியும் செயலியில் இரைச்சல் நீக்கத்தையும், ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியையும் அணைத்துவிட்டு வேவ் கோப்பாகப் பதியுங்கள். அவை இயங்கினால் ஓசை அடங்கி மறையும் இடத்தில் முதலாவது அதன் வாலை நறுக்கும், இரண்டாவது பின்னணியை இழுத்துத் தூக்கிவிடும். சாரல் காற்று அடிக்கும் மாதங்களில் மைக்கில் நேரடியாகக் காற்று படாமல் சுவர் மறைவில் நின்று, கைபேசி வாயில் ஒரு பஞ்சுத் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். யாரும் பேசாமல் காலி அறையின் ஓசையையும் இரண்டு நிமிடம் பதிந்து வையுங்கள். அது இல்லாத அறை, விளையாட்டில் செத்த அறையாகத்தான் இருக்கும்.

நல்ல ஓசை வேண்டும் என்று ராத்திரியில் காட்டுக்குள் போகவே போகாதீர்கள். யானை, காட்டுமாடு நடமாடும் இடம் அது. வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். ரயில் குகைக்குள் எதிரொலி பதியலாம் என்ற யோசனையும் வேண்டாம். 1989 ரயில்வே சட்டம் 147-ம் பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. குகை எதிரொலியை மென்பொருளில் ரிவெர்ப் என்ற விளைவே தந்துவிடும். சில்வண்டு ஓசையை வீட்டுக் கொல்லையிலேயே பதியலாம்.

இடம் தெரியவேண்டிய ஒவ்வோர் ஓசையும் மோனோ கோப்பாக இருக்கட்டும். ஸ்டீரியோவாக இருந்தால் திசை குழம்பும். சுழன்று ஓடும் பின்னணிக்கு எம்பி3 வேண்டாம். அதன் தலையிலும் வாலிலும் சின்ன வெற்றிடம் சேர்ந்துகொள்வதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் கேட்கும். ஓஜிஜி நல்லது. காலடி ஓசைக்கு மரம், மண், கல் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு மாதிரி வைத்து, சுருதியை ஒவ்வொரு அடிக்கும் ஐந்து சதவீதம் முன்னும் பின்னும் மாற்றுங்கள். இணையத்தில் எடுக்கும் ஓசைகளின் உரிமத்தை எடுத்த நிமிடமே ஒரு கோப்பில் குறித்துவையுங்கள். பெயர் போட்டால் போதும் என்பது ஒன்று, வணிகத்துக்குக் கூடாது என்பது ஒன்று. ஞாயிறு மாலை அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மிகப் பெரிய பயம் ஓசை நிற்பதில் இருக்கிறது. சில்வண்டு ஐந்து நிமிடம் விடாமல் கத்தட்டும். அஞ்சாவது வரியை ஆடுகிறவர் படிக்கும் கணத்தில் அது நிற்கட்டும். மெல்லத் தேயவிட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஒரேயடியாக அறுத்தால் 'டக்' என்று ஒலிபெருக்கியில் கேட்டு, வித்தை வெளிப்பட்டுவிடும். 30 மில்லி செகண்டில் இறக்குங்கள்.

காதுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த விளையாட்டை ஹெட்போனில்தான் ஆடுவார்கள், அமைதியான பின்னணி கேட்கவேண்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்திருப்பார்கள். அப்போது திடீரென்று அலறலைப் போடுவது பயமுறுத்தல் ஆகாது, காதில் அடிப்பது. பின்னணியைவிட 12 டெசிபலுக்கு மேல் எந்த ஓசையும் எகிறவேண்டாம். எல்லா ஓசையும் சேர்ந்து வெளியேறும் மாஸ்டர் பஸ்ஸில், அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் ஒரு லிமிட்டரை மைனஸ் 1 டெசிபலில் போடுங்கள். தொடக்கத் திரையிலேயே ஒலியளவுப் பட்டையும், அதைச் சரிபார்க்க ஒரு மணியோசையும் வையுங்கள்.

பனி, விளக்கு, கண்

ஜாமில் நடுவர்களும் மற்றவர்களும் இறக்கி நிறுவிப் பார்க்கத் தயங்குவார்கள், உலாவியிலேயே ஆடத்தான் விரும்புவார்கள். கோடாட் 4 உலாவிக்கு ஏற்றுமதி செய்யும்போது கம்பேட்டிபிலிட்டி என்ற எளிய வரைவியைத்தான் (காட்சியைத் திரையில் வரையும் பகுதி) பயன்படுத்தும். இடத்தில் கன அளவோடு நிற்கும் பருமப் பனி அதில் கிடையாது. ஃபார்வர்டு பிளஸ் என்ற இன்னொரு வரைவியில் இரண்டு நாள் அழகாகப் பனி செதுக்கிய குழு, ஏற்றிய பிறகு வெட்டவெளியைப் பார்த்துத் திகைத்து நிற்கும். முதல் மணி நேரத்திலேயே கம்பேட்டிபிலிட்டிக்கு மாறி, சாதாரணத் தூரப் பனியை வைத்துக்கொள்ளுங்கள். அடர்த்தி 0.08 என்றால் 10 மீட்டரில் ஏறக்குறைய 55 சதவீதமும், 30 மீட்டரில் 91 சதவீதமும் மறையும். பனியின் நிறமும் வானத்தின் நிறமும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையென்றால் தூரத்துப் பொருள்கள் காகிதம் வெட்டி ஒட்டியதுபோல் தெரியும்.

விளக்கு ஒன்றே ஒன்று, அரிக்கேன் விளக்கு. நிழல் விழவைக்கும் ஒளி அது மட்டும் போதும், எல்லை 6 மீட்டர். கை திரும்பிய பிறகு விளக்கு கால் நொடி பின்னால் வரட்டும். சுடர் ஆடுவதற்கு ஒளியைப் பத்து சதவீதத்துக்குள் மென்மையாக ஏற்றி இறக்குங்கள், அணைத்து அணைத்து ஏற்றவேண்டாம். ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் திரை பளிச்சிட்டால் ஒளி தூண்டும் வலிப்பு உள்ளவர்களுக்கு நிஜமான ஆபத்து. இணைய அணுகல் விதிகளும் அந்த மூன்றைத்தான் வரம்பாக வைத்திருக்கின்றன. மின்னல் வேண்டுமென்றால் ஒரே ஒரு வெட்டு போதும். நடையில் தலை ஆடும் அசைவை அணைக்கும் வசதி கட்டாயம் வேண்டும், அது சிலருக்குக் குமட்டலைத் தரும்.

தமிழில் பேரேடு எழுதுவதற்கு ஒரு தனிச் சோதனை தேவை. 'கொட்டகுடி' என்று எழுதிப் பாருங்கள். கூட்டெழுத்தைக் கோக்கத் தெரியாத எழுத்துப்பெட்டியில் கொம்பு ககரத்துக்கு வலப்பக்கம் போய் விழும். கோடாட் 3-லும், யூனிட்டி என்ற இன்னொரு மென்பொருளின் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் புரோவிலும் இந்தத் தொல்லை உண்டு. அங்கே வரியைப் படமாக்கி ஒட்டுவதே விரைவு. கோடாட் 4 சரியாகக் கோக்கும், ஆனால் எழுத்துருவை நீங்கள்தான் கொடுக்கவேண்டும். கணினியில் இருக்கும் எழுத்துருவை அது இரவல் வாங்கிக் காட்டுவதால் வீட்டில் எல்லாம் சரியாகத் தெரியும். உலாவியில் இரவல் கிடைக்காது, வெறும் கட்டங்கள்தான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவச உரிமத்தில் கிடைக்கிறது, திட்டத்துக்குள் சேர்த்துவிடுங்கள். எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் உத்தியில் 'கி' வருவதற்குமுன் 'க' மின்னி மறையும். கோத்த பிறகு எழுத்துகளை எண்ணும்படி அமைப்பை மாற்றினால் அது சரியாகும்.

யாருடைய மலை

மூடுபனி, லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), மழை எல்லாம் திகிலுக்குத் தோதாகக் கையருகில் இருக்கின்றன. ஆனால் 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடி லயங்கள்மேல் மலை சரிந்து 70 உயிர்கள் போயின. பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களின் வீட்டாரும் இருக்கிறார்கள். அந்தச் சாவுகளை எடுத்து விளையாட்டில் பேயாக்குவதை ஏற்கவே முடியாது. இடப் பெயரை மாற்றினாலும் படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். குலசாமிகளையும் அப்படித்தான் பார்க்கிறோம். கருப்பசாமியை ஒரு பக்கத்து வீட்டுக்காரர் விளக்கேற்றிக் கும்பிடுகிறார், அவர் உங்கள் விளையாட்டில் பாயும் பிசாசு ஆகவேண்டியதில்லை. மேலே சொன்ன கதையில் யாரும் சாகவில்லை என்பதைக் கவனியுங்கள். கயிறும் மணியும் பேரேடும்தான் பயத்தைத் தருகின்றன.

ஏற்றும் வேலையைக் கெடுவுக்கு ஆறு மணி நேரம் முன்னால் ஒருமுறை செய்துவிடுங்கள், அரைகுறையாக இருந்தாலும். ஆடி மழையில் மலைமேல் மின்சாரமும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திட்டத்தின் நகலைப் பென்டிரைவிலும் போட்டுவையுங்கள். விளையாட்டுகளை ஏற்றும் இட்ச்.ஐஓ தளத்துக்கு ஜிப் செய்யும்போது இன்டெக்ஸ் கோப்பு உள் கோப்புறைக்குள் போகாமல் மேலேயே இருக்கவேண்டும். விரித்த பிறகு ஆயிரம் கோப்புகளுக்கும் 500 எம்பிக்கும் மேல் போகக்கூடாது. கோப்புப் பெயர்களில் பெரிய, சிறிய ஆங்கில எழுத்துகளைச் சரிபாருங்கள். விண்டோஸ் அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது, ஏற்றுமதியான விளையாட்டு கண்டுகொள்ளும், மணியோசை மட்டும் காணாமல் போகும். ஆடுகிறவர் ஒருமுறை சொடுக்கும்வரை உலாவி ஒலியைத் திறக்காது என்பதால் 'தொடங்கு' பொத்தானுக்குப் பிறகே பின்னணி ஓடட்டும். பிறகு விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை அழைத்து ஹெட்போனை மாட்டிவிட்டு, பின்னால் நின்று பேசாமல் பாருங்கள். அஞ்சாவது வரியில் அவர் கை மவுஸில் அப்படியே நிற்கிறதா, இல்லை படிக்காமலே தாண்டிப் போகிறாரா என்று பார்த்து, தாண்டினால் பேரேட்டின் பக்கம் விளக்கை இன்னும் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள்.