அமெச்சூர்: சொல்லும் பொருளும்

தமிழில் 'அமெச்சூர்' இரண்டு இடங்களில் நன்றாகப் பழகிவிட்ட சொல். ஒன்று நாடகம்: பகலில் ஆபீஸ், மாலையில் ஒத்திகை என்று இருந்தவர்களின் குழுக்களை அமெச்சூர் குழுக்கள் என்றார்கள். இன்னொன்று கபடி: அமெச்சூர் கபடிக் கழகம் என்ற பெயரைப் பார்க்காத விளையாட்டு ரசிகர் இருக்க மாட்டார். பேச்சில் மூன்றாவது பொருளும் உண்டு. 'எடிட்டிங் ரொம்ப அமெச்சூரா இருக்கு' என்றால் அரைகுறை, கைதேராதது.

இந்த மூன்றுக்கும் அப்பால், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இந்தச் சொல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சட்டம் போலவே இருந்தது. மாணவ வீரர் ஒருவர் யாரோ தந்த காரை வாங்கிக்கொண்டார், பணம் வாங்கினார், அதனால் கோப்பை பறிக்கப்பட்டது என்று அங்கிருந்து வரும் செய்திகளின் அடியில் கிடப்பது இந்த ஒரு சொல்தான்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'அமாரே' என்றால் நேசித்தல், 'அமாத்தோர்' என்றால் நேசிப்பவர். பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஒரு கலையில் ஈடுபாடும் ரசனையும் உள்ளவரை அது குறித்தது. காசு வாங்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் கிடையாது. கைதேராதவர் என்ற இளக்காரமும் கிடையாது.

நிபந்தனையைச் சேர்த்தது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. சேர்த்த விதத்தைப் பார்த்தால் காசைவிடச் சாதிதான் நினைவுக்கு வருகிறது. ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் 1879இல் எழுதிய வரையறையின்படி, கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக், கைவினைஞர், தொழிலாளி ஆகியோர் அமெச்சூர் ஆக முடியாது. துடுப்புப் போட்டு ஒரு பைசா வாங்கியிருக்க வேண்டியதில்லை. பிழைப்புக்குக் கைவேலை செய்தாலே போதும், வெளியேதான். இந்த விதி 1937 வரை இருந்தது. கிரிக்கெட்டில் சம்பளம் வாங்காதவர்கள் 'ஜென்டில்மென்', வாங்குகிறவர்கள் 'பிளேயர்ஸ்'. ஒரே அணியில் ஆடினாலும் உடை மாற்றும் அறை வேறு, மைதானத்துக்குள் வரும் வாசல் வேறு. ஸ்கோர் அட்டையில் அமெச்சூருக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும், சம்பளக்காரருக்குப் பின்னால். 1962இல்தான் இந்தப் பிரிவினையை ஒழித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பெரிய அமெச்சூர் கிரிக்கெட் வீரரான டபிள்யூ. ஜி. கிரேஸ், செலவுத்தொகை என்றும் நன்கொடை நிதி என்றும் பெற்ற பணம் சம்பள வீரர் யாருடைய வருமானத்தையும் விட அதிகம். ஆக, வசதி உள்ளவன் வாங்கினால் செலவுத்தொகை, இல்லாதவன் வாங்கினால் கூலி. சொல் பிறந்த வீட்டிலேயே இந்தக் கோணல் இருந்தது.

அமெரிக்கா இதை அப்படியே இறக்குமதி செய்தது. அங்கே கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் போட்டியே 1852இல் வின்னிபெசாக்கி ஏரியில் ஹார்வர்டும் யேலும் மோதிய படகுப் பந்தயம். மாணவர்களின் பயணம், தங்கல், சாப்பாடு எல்லாச் செலவையும் ஏற்றது ஒரு ரயில் கம்பெனி. கூட்டம் ரயில் ஏறி வர வேண்டும் என்பதுதான் கணக்கு. பிறகு யேலின் அமெரிக்கக் கால்பந்து (கையால் பந்தை எடுத்து ஓடும் ஆட்டம்) அணித் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹோகனைப் பாருங்கள். 1904இல் அவருக்குப் படிப்பும் சாப்பாடும் இலவசம். தங்க நல்ல அறை. கியூபாவுக்கு ஓர் உல்லாசப் பயணம். ஆட்டங்களில் ஸ்கோர் அட்டை விற்கும் உரிமையில் பங்கு. போதாததற்கு, ஊரில் விற்கும் ஒரு புகையிலைக் கம்பெனியின் சிகரெட்டுக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று கமிஷன். அவரும் ஏட்டில் அமெச்சூர்தான்.

இதே சொல் ஒருவரை அழிக்கவும் செய்தது. ஜிம் தோர்ப், கார்லைல் பழங்குடி மாணவர் பள்ளியிலிருந்து வந்தவர், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டாத்லான் (ஐந்து போட்டிகள் சேர்ந்தது), டெகாத்லான் (பத்து போட்டிகள் சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வென்றார். அதற்குமுன் 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சின்னச் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியிருந்தார். விடுமுறையில் இப்படி ஆடிய கல்லூரி மாணவர்கள் ஏராளம். பெயரை மாற்றிக்கொண்டு ஆடுவார்கள். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார். 1913இல் பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1982இல் திருப்பித் தர முடிவானது. அப்போதும் கூட்டு வெற்றியாளர்தான், தனி வெற்றியாளராகப் பெயர் ஏறியது 2022இல். விதி தண்டித்தது பணம் வாங்கியதையா, மறைக்கத் தெரியாததையா?

1906இல் தொடங்கிய கல்லூரி விளையாட்டுச் சங்கம், அதாவது என்சிஏஏ, இந்தச் சொல்லை விதிப்புத்தகமாக வளர்த்தது. 1956 முதல் படிப்பு, விடுதி, உணவு முழுவதும் கல்லூரி தரலாம் என்றார்கள். அதற்கு மேல் தந்தால் குற்றம். 1950களில் கொலராடோவில் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்த ஒரு வீரரின் மனைவி, தொழிலாளர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். வீரர் ஊழியர் ஆகிவிட்டால் சங்கத்துக்கு ஆபத்து. அப்போது புழக்கத்துக்கு வந்ததுதான் 'ஸ்டூடன்ட் அத்லெட்', மாணவ வீரர் என்ற கூட்டுச்சொல். ஆட்டக்காரர் என்ற சொல்லுக்குப் பதிலாக இதையே எழுத வேண்டும் என்று திட்டமிட்டு நுழைத்ததாக, சங்கத்தை 1951 முதல் 1988 வரை நடத்திய வால்டர் பையர்ஸே பின்னாளில் எழுதினார். அந்த மனைவிக்கு இழப்பீடு கிடைக்கவில்லை.

விதிகள் எவ்வளவு நுணுக்கமாகப் போயின என்றால், வீரருக்குக் கல்லூரி 'பேகல்' ரொட்டியைச் சிற்றுண்டியாகக் கொடுக்கலாம், ஆனால் அதில் கிரீம் சீஸ் தடவிக் கொடுத்தால் விதிமீறல் என்று ஒரு காலம் இருந்தது. 2014இல் கனெக்டிகட் அணியைத் தேசியப் பட்டத்துக்கு இட்டுச்சென்ற ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பசியோடு படுப்பதுண்டு என்று வெளிப்படையாகச் சொன்னார். கூடைப்பந்துப் பட்டத்துக்கு ஆடும் பையன், ஒளிபரப்பு உரிமையில் கோடிகள் புரளும் போட்டி, ராத்திரி வெறும் வயிறு. உணவு வரம்பை அந்த மாதமே தளர்த்தினார்கள்.

சரி, அப்படியானால் மறைவாகக் கொடுத்தவர்கள் நல்லவர்களா? இல்லை. சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். பழைய மாணவரும் புரவலருமான ஒருவர் தந்த ரகசிய நிதியிலிருந்து 13 அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கு மாதாமாதம் 50 முதல் 725 டாலர் வரை, மொத்தம் சுமார் 61,000 டாலர் போய்க்கொண்டிருந்தது. ஏற்கெனவே தண்டனையில் இருந்த கல்லூரி அது. நிறுத்தியிருக்கலாம். 'பையன்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம், இருப்பவர்கள் படிப்பு முடிக்கும்வரை கொடுத்துவிட்டுப் படிப்படியாக நிறுத்துவோம்' என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். அந்த முடிவில் பங்குகொண்ட ஆட்சிக்குழுத் தலைவர் பில் கிளெமென்ட்ஸ், டெக்சாஸ் ஆளுநராக இருந்துகொண்டே 1987 மார்ச்சில் அதை ஒப்புக்கொண்டார். என்சிஏஏ அந்த ஆண்டு அணியின் ஆட்டம் முழுவதையும் ரத்து செய்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் மோசம். எட் மார்ட்டின் என்பவர் சட்டவிரோதச் சூதாட்டப் பணத்தை வெள்ளையாக்கும் வழியாக நான்கு கூடைப்பந்து வீரர்களுக்கு 6,16,000 டாலர் கடனாகக் கொடுத்திருந்தார். அரங்கில் தொங்கிய வெற்றிக் கொடிகளை 2002இல் கல்லூரி இறக்கியது.

என் பார்வையில் இங்கே தவறு எது என்றால், பையன் கையில் பணம் வந்தது தவறில்லை. அது யாரிடமிருந்து, எதற்காக, எந்தக் கணக்கில் என்று யாரும் கேட்க முடியாதபடி வந்ததுதான் தவறு. 18 வயதுப் பையன் ஒருவரின் தயவுக்குக் கட்டுப்படுகிறான். அந்த மனிதர் நாளை எதைக் கேட்பார் என்று அவனுக்குத் தெரியாது. பிடிபட்டால் அவன் பெயர் கெடும், அவன் சாதனை அழியும். பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போய் இன்னும் பெரிய சம்பளம் வாங்கலாம். உழைப்புக்கு வெளிப்படையான கூலி இல்லாத இடத்தில்தான் இத்தகைய புரவலர் உள்ளே நுழைய முடியும்.

2021 ஜூனில், வீரர்களுக்குக் கல்லூரி தரும் கல்வி சார்ந்த சலுகைகளுக்கு வரம்பு போட்டதை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாக வருமானத்தில் பங்கு தரலாம். முதலாண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். விதிமீறிய சலுகை பெற்றதாக 2010இல் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்த ஹைஸ்மன் கோப்பை, அதாவது கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான பரிசு, 2024இல் முன்னாள் வீரர் ரெஜி புஷ்ஷிடம் மறுபடி வந்து சேர்ந்தது.

இனி தமிழ்ச் சொல். நாடகத்துக்குப் 'பயில்முறை' என்ற சொல் வழக்கில் இருக்கிறது. 'தொழில்முறை' என்பதற்கு எதிர்ச்சொல்லாக அழகாக நிற்கிறது. ஆனால் பயில்கிறவர் என்ற பொருள் அதில் ஒட்டியிருப்பதால், நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரருக்கு அது பொருந்தாது. 'ஆர்வலர்' லத்தீன் வேருக்கு மிக நெருக்கம். வானத்தைத் தொலைநோக்கியில் பார்ப்பவருக்கும், பறவை பார்ப்பவருக்கும் இதுவே சரி. திறமைக் குறைவைச் சொல்லக் 'கற்றுக்குட்டி' இருக்கவே இருக்கிறது.

கல்லூரி விளையாட்டு விதியைப் பற்றி எழுதும்போது இவை எதுவும் உதவாது. அங்கே நேசமும் பேசப்படவில்லை, பயிற்சியும் பேசப்படவில்லை. பணம் வாங்காதே என்பது ஒன்றுதான் பேச்சு. எனவே 'ஊதியம் பெறாத வீரர்' என்று எழுதலாம், அந்தக் கொள்கையை 'ஊதியத் தடை விதி' என்று சொல்லலாம். கொஞ்சம் நீளம்தான். ஆனால் யார் யாருக்குத் தடை போட்டார்கள் என்ற கேள்வியை அது மூடி மறைப்பதில்லை.

கொடுத்த பொருளுக்கு என்ன பெயர்? நம் செய்தித்தாள்களில் 'லஞ்சம்' என்று எழுதிவிடும் வழக்கம் உண்டு. லஞ்சம் என்பது பதவியில் இருப்பவர் கடமையை வளைக்கக் கொடுப்பது. இந்த வீரர் தோற்பதற்காகப் பணம் வாங்கவில்லை. தோற்க வாங்கினால் அது சூதாட்ட மோசடி, வேறு குற்றம். 'அன்பளிப்பு' என்றாலும் சிக்கல், லஞ்சத்துக்கே அது மரியாதையான போர்வையாகிவிட்டது. 'விதிமீறிய சலுகை', 'மறைமுகப் பணம்' என்று எழுதினால் நடந்தது நடந்தபடி புரியும்.

நம் ஊர்க் கபடிக்கு வருவோம். கிராமப் போட்டியில் ரொக்கமும் கோப்பையும் ஆட்டுக்கிடாயும் பரிசாகத் தருகிறோம், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலும் காவல்துறையிலும் வேலை தருகிறோம், 2014 முதல் புரோ கபடி ஏலம் நடக்கிறது. எல்லாம் மேடை போட்டு, மைக்கில் அறிவித்து நடப்பது. இதனால் யாருடைய ஆட்டமும் கெட்டுவிடவில்லை. கழகத்தின் பெயரில் உள்ள அமெச்சூர், பதிவான பெயர் என்பதால் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கழகத்தில் ஆடுபவரைப் பற்றி எழுதும்போது 'கபடி வீரர்' போதும்.