காதுக்குப் பின்னாடி கொஞ்சம் இரைச்சல் குடுத்தா கால் ஏன் தடுமாறாம நிக்குது?

ஒரு வாசகி கேட்டிருந்தாங்க. அவங்க அப்பாவுக்கு பார்க்கின்சன், மாத்திரை போட்டா கை நடுக்கம் அடங்கிடுது, ஆனா பாத்ரூம்ல திரும்பும்போது அப்படியே சாஞ்சுடறாரு, ரெண்டு தடவை விழுந்துட்டாரு, காதுக்குப் பின்னாடி பேட் ஒட்டி லேசா கரன்ட் குடுத்தா பேலன்ஸ் வருதுன்னு வீடியோ பாத்தேன், நெசமா ஏமாத்து வேலையான்னு. ஏமாத்து இல்லீங்க. ஆனா காசு குடுத்து வாங்கி மாட்டிக்கிற அளவுக்கு இன்னும் வரவும் இல்ல.

பார்க்கின்சன் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், மூளைத்தண்டுல டோபமின்னு, உடம்பு சரியா அசையறதுக்கு வேண்டிய ஒரு ரசாயனத்த சுரக்கிற செல்லெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அழியுது, நடுக்கம் வெளில தெரியுறப்பவே நிறைய போயிருக்கும். லெவோடோபா மாத்திரை அந்த டோபமின் குறைய ஈடு கட்டுது. விறைப்பு, மெதுவாகிறது இதெல்லாம் மாத்திரைக்கு கேக்கும், பேலன்ஸ் மட்டும் பெரும்பாலும் கேக்காது. அதனாலதான் சில பேர் மூளைய விட்டுட்டு காதுப்பக்கம் போனாங்க.

உள்காதுல கேக்குறதுக்கு ஒரு நத்தைக்கூடு இருக்கிற மாதிரி, நிக்கிறதுக்குன்னு தனியா மூணு அரைவட்டக் குழாயும் சுண்ணாம்புத் துகள் ஒட்டின ரெண்டு சின்னப் பையும் இருக்கு. தலை சாஞ்சா துகள் சரியும், அடில இருக்கிற செல்லுங்களோட முடி வளையும், நரம்பு வழியா மூளைக்கு சேதி போகும். அந்த நரம்பு நீங்க அசையாம உக்காந்திருக்கும்போதும் சும்மா இருக்காது, துடிச்சுக்கிட்டேதான் இருக்கும், ஒரு பக்கம் சாஞ்சா துடிப்பு கூடும், மறுபக்கம் சாஞ்சா குறையும்.

1800ல இத்தாலி விஞ்ஞானி வோல்டா தான் செஞ்ச பேட்டரியோட ரெண்டு முனையையும் தன்னோட ரெண்டு காதுலயும் விட்டுப் பாத்து, தலைக்குள்ள ஒரு அதிர்ச்சியும் ஏதோ கொதிக்கிற மாதிரி சத்தமும் வந்துச்சு, மறுபடி செய்யத் துணியலன்னு எழுதி வச்சிருக்காரு. இப்ப அவ்ளோ முரட்டுத்தனம் இல்ல. காதுக்குப் பின்னாடி தொட்டா கெட்டியா ஒரு எலும்பு மேடு இருக்குல்ல, ரெண்டு பக்கமும் அங்க பேட் ஒட்டி ஒரு மில்லி ஆம்பியர் போல குடுப்பாங்க. நெகட்டிவ் பக்கத்து நரம்பு வேகமா துடிக்கும், பாசிட்டிவ் பக்கம் குறையும், தலை சாயுதுன்னு மூளை ஏமாந்து போயி அதை சரி பண்ண உடம்ப பாசிட்டிவ் பக்கமா தள்ளும். கண்ண மூடி நிக்கிற ஆள ரிமோட் வச்ச மாதிரி சாய்க்கலாம்.

ஆனா பார்க்கின்சனுக்கு குடுக்கிறது இந்த கரன்ட் இல்ல. இதுல பல மடங்கு குறைச்சு, குடுக்கிறதே தெரியாத அளவுல, ஒழுங்கே இல்லாம மேலயும் கீழயும் தாவுற கரன்ட். ரேடியோல ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல 'ஸ்ஸ்ஸ்'னு வருமே, அந்த இரைச்சலோட மின்சார வடிவம். இரைச்சல் எப்பவும் சேதிய கெடுக்கத்தான செய்யும், அது எப்படி உதவும்? எனக்கு இதை முதல்ல படிச்சப்ப தூக்கமே வரல.

மழைக்காலத்துல தெருவுல தண்ணி நிக்குது, உங்க வாசப்படிக்கு ஒரு இஞ்ச் கீழ. நீங்க கதவ சாத்திட்டு உள்ள இருக்கீங்க, தண்ணி ஏறுதா இறங்குதான்னு தெரியணும், ஆனா படிய தாண்டாத வரைக்கும் உள்ள ஒரு சொட்டு கூட வராது, அதனால உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. இப்ப தெருவுல ஆட்டோவும் பைக்கும் போகுது, அலை அடிக்குது, அப்பப்ப ஒரு வீச்சு படிய தாண்டி உள்ள தெறிக்குது. தண்ணி மட்டம் ஏறுனா அடிக்கடி தெறிக்கும், இறங்குனா எப்பவாச்சும்தான். ஆக உள்ள உக்காந்துக்கிட்டு தெறிக்கிறத எண்ணியே வெளில மட்டம் எப்படி மாறுதுன்னு சொல்லிடலாம்! அந்த அலைக்கு தண்ணி மட்டத்தப் பத்தி எந்த அறிவும் இல்ல, ஆனாலும் படிக்கு கீழயே தங்கிட்ட சேதிய அதுதான் உள்ள கொண்டு வருது. அலையே இல்லன்னா தரை காய்ஞ்சு கிடக்கும், லாரி லாரியா போனா எப்பவுமே வெள்ளம், ரெண்டுலயும் ஒண்ணும் புரியாது. நடுவுல ஒரு அளவுலதான் நல்லா தெரியும், அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

நம்ம உடம்பு லேசா சாயுறப்ப வர்ற சேதியும் இப்படித்தான், நரம்புக் கூட்டத்தோட வாசப்படிக்கு கீழயே நின்னுபோகுது, இரைச்சல் அதை மேல தூக்கி விடுது, சாயுறது சீக்கிரமே மூளைக்குத் தெரியுதுங்கிறதுதான் கணக்கு.

இரைச்சல் உதவும்ங்கிற இந்த யோசனை எங்க ஆரம்பிச்சது தெரியுமா? 1981ல இத்தாலி இயற்பியலாளர் பென்சியும் கூட்டாளிகளும் பனியுகம் ஏன் சுமார் ஒரு லட்சம் வருஷத்துக்கு ஒரு தடவை வருதுன்னு யோசிச்சதுல. 1993ல நன்னீர்ல இருக்கிற இறால் மாதிரி ஒரு உயிரியோட வால் முடியில இதே விஷயம் வேலை செய்யுதுன்னு பாத்தாங்க, 1999ல துடுப்பு மீன சுத்தி தண்ணில மின் இரைச்சல் குடுத்தா அது இன்னும் தள்ளி இருக்கிற இரையையும் கண்டுபுடிக்குதுன்னு வந்துச்சு. லெவோடோபாவையே எடுத்துக்கோங்க, 1937ல சென்னைல தாமோதரனும் ராமசாமியும் நம்ம பூனைக்காலி விதைல இருந்து அதை பிரிச்சு எடுத்தப்ப அது பார்க்கின்சன் மருந்தாகும்னு யாருக்கும் தெரியாது. 'இதனால என்ன பிரயோஜனம்'னு கேட்டு ஆராய்ச்சிக்கு காசு குடுக்கிறவங்க மேல எனக்கு உண்மையிலேயே கோவம் வருது.

நோயாளிங்க கிட்ட வருவோம். 2005ல டோக்கியோல யமமோட்டோ குழு ஒரு நாள் பூரா இந்த இரைச்சல குடுத்துப் பாத்துச்சு, சும்மா இருக்கிற நிலைல இருந்து அசைய ஆரம்பிக்கிறது கொஞ்சம் சுலபமாச்சு. 2015ல ஸ்வீடன்ல 10 பேருக்கு பாத்ததுல பேலன்ஸ்ல முன்னேற்றம் தெரிஞ்சுது. எல்லாமே சின்னச் சின்ன ஆய்வு. அதோட பார்க்கின்சன்ல ஒரு பெரிய சிக்கல், கனடால 2001ல ஸ்கேன் எடுத்து நிரூபிச்சாங்க, மருந்துன்னு நம்பி வெறும் உப்புத்தண்ணி ஊசி போட்டுக்கிட்டாலே இவங்க மூளைல நெசமாவே டோபமின் சுரக்குது. அதனால ஒருத்தருக்கு மெஷின் மாட்டுனதும் நல்லா நடந்தாருங்கிற வீடியோ எதையும் நிரூபிக்காது, தாயத்து கட்டுனதும் எழுந்து நடந்தாருங்கிறதும் அதே கதைதான். போலி பேட் ஒட்டி ஒப்பிட்டுப் பாத்தாத்தான் பேச முடியும், நல்லவேளை இந்த கரன்ட் உணரவே முடியாதுங்கிறதால எது போலின்னு நோயாளிக்கே தெரியாம வச்சு சோதிக்கலாம்.

அம்மா, தயவுசெஞ்சு வீட்ல பேட்டரி வச்சு முயற்சி பண்ணாதீங்க, பேஸ்மேக்கரோ மூளைல கம்பியோ வச்சவங்களுக்கு ரொம்ப ஆபத்து. இப்போதைக்கு அப்பாவ நின்ன எடத்துலயே சட்டுனு திரும்ப விடாதீங்க, சின்ன சின்ன அடியா எடுத்து வச்சு அரைவட்டமா சுத்தி வரச் சொல்லுங்க, பாத்ரூம் சுவத்துல பிடிச்சுக்க நல்ல கம்பி ஒண்ணு பதிச்சுடுங்க. கால் தரைல ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுட்டா அவர் நடக்கிற வழில ஒரு அடிக்கு ஒண்ணா கலர் டேப் குறுக்க ஒட்டி வைங்க, கோட்ட பாத்து தாண்டச் சொன்னா நிறைய பேருக்கு கால் எழும்புது.