அடித்த ஓசையை வெட்டியெறிந்தால்

எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை விரல்நுனிகளில் ஏந்திக்கொண்டு, மரக்கரண்டியால் ஒரு தட்டு தட்டி, அந்த ஓசையைக் கைப்பேசியில் பதிந்தேன். மூன்று நொடிப் பதிவு. கணினியில் திறந்தபோது ஒலியலையின் படம் தலைப்பிரட்டையைப் போல இருந்தது: பெருத்த தலை, மெலிந்து நீளும் வால். தலையை மட்டும், அதாவது முதல் நொடியில் பத்தில் ஒரு பங்கை மட்டும், வெட்டியெறிந்தேன். மீதமிருந்த வால் சட்டென்று தொடங்காமல் மெல்ல எழும்படி ஒலியளவைச் சரிசெய்தேன். பக்கத்து அறையில் இருந்த நண்பரை அழைத்துப் போட்டுக் காட்டினேன். "ஆர்மோனியமா?" என்றார். மறுபடி கேட்டுவிட்டு, "தூரத்தில் யாரோ எதையோ ஊதுகிறார்கள்" என்றார். கிண்ணம் என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை.

அந்தத் தலைக்குள் அப்படி என்னதான் இருந்தது? கிண்ணத்தைத் தட்டியதும் அது ஒரே விதமாக அதிர்வதில்லை. விளிம்பு நீள்வட்டமாக நசுங்கி விரிவது ஒரு விதம். மூன்று இடங்களில் புடைப்பது இன்னொரு விதம், நான்கு இடங்களில் புடைப்பது வேறொரு விதம். ஒவ்வொன்றுக்கும் தனி அதிர்வெண் உண்டு. இவற்றோடு கரண்டி மோதிய 'டொக்' என்ற இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. உயர்ந்த அதிர்வெண்கள் கண்மூடித் திறப்பதற்குள் அடங்கிவிடுகின்றன. கடைசியில் இரண்டோ மூன்றோ சுரங்கள்தான் நீடிக்கின்றன. நம் காது ஓர் ஒலியைக் கேட்டதும் அது எதிலிருந்து வந்தது, அடித்ததா, ஊதியதா, உரசியதா என்பதைத்தான் முதலில் தேடுகிறது. அந்த விடை பெரும்பாலும் அந்தத் தொடக்கக் கணத்தில்தான் இருக்கிறது. புல்லாங்குழலின் சுரத்துக்கு முன்னால் வரும் மூச்சுச் சீறலையும், பியானோவின் சுத்தியல் தட்டலையும் நீக்கிவிட்டால், பழகிய காதுகளும் தடுமாறும்.

விசித்திரமான இசைக்கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாகப் பொருள்களைப் பட்டியலிடுவார்கள்: ரம்பம், தட்டச்சுப்பொறி, காலிப் பீப்பாய். பொருளைவிட அந்தத் தொடக்கக் கணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதை இருக்க விடுவதா, மறைப்பதா, மாற்றுவதா என்று தீர்மானிக்கும் வசதியை மனிதனுக்கு முதன்முதலாகக் கொடுத்தது ஒலிப்பதிவுதான்.

பாரிஸ் வானொலியில் பொறியாளராக இருந்த பியர் ஷெஃபர் 1948இல் இதைச் செய்தார். அவரிடம் அப்போது ஒலிநாடா இல்லை. இசைத்தட்டில் நேரடியாகப் பதியும் கருவிதான் இருந்தது. மணியை அடித்த கணத்தைப் பதியாமல் விட்டு, அடி ஓய்ந்த பிறகு வந்த ஒலியை மட்டும் பதிந்தார். தட்டில் பதிந்தது மணியோசையாகவே இல்லை. அதே ஆண்டில் ரயில் நிலையத்துக்குப் போய் நீராவி இயந்திரங்களின் ஓசையைப் பதிந்துவந்து, அதை வைத்தே ஓர் இசைப்படைப்பை உருவாக்கினார். இசைத்தட்டின் பள்ளத்தை நீண்ட சுருளாக ஓட விடாமல் ஒரு வட்டமாக மூடிவிட்டால் ஊசி அதே ஓசையைத் திரும்பத் திரும்ப எழுப்பும் என்பதும் அவருக்குப் பயன்பட்டது. பத்துத் தடவை கேட்ட பிறகு ரயில் மறைந்து தாளம் மட்டும் மிஞ்சும்.

இந்த வித்தையைக் கவிதையாக்கியவர் என்று நான் நினைப்பது டெலியா டெர்பிஷயரை. கவென்ட்ரியில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். போர்க்காலத்தில் குழந்தையாக இருந்தபோது கேட்ட விமானத் தாக்குதல் சங்கொலிதான் தன் மின்னணு இசையின் ஊற்று என்று பிற்காலத்தில் சொன்னார். 1960களில் பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் என்ற ஒலியாக்கக் கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே கிடந்த பச்சை நிற உலோக விளக்கு மூடி ஒன்று அவருக்கு மிகவும் பிடித்த கருவி. அதைத் தட்டுவார், பதிவார், தட்டிய கணத்தை விலக்கிவிட்டு ரீங்காரத்தை மட்டும் எடுத்துக்கொள்வார். அத்துடன் விடவில்லை. அந்த ரீங்காரத்தில் என்னென்ன அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன என்று பிரித்தறிந்து, வேண்டிய அதிர்வெண்ணில் மின்னலையை எழுப்பும் அலையியற்றிகளைக் கொண்டு அவற்றை மறுபடி கட்டினார். சஹாரா பாலைவனத்து துவாரெக் மக்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்கு அவர் அமைத்த இசையில், வெப்பத்தில் மிதக்கும் மணல்வெளியாக நமக்குக் கேட்பது அந்த விளக்கு மூடிதான். தகரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

1963இல் ரான் கிரெய்னர் எழுதிய 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையை ஒலியாக்கியவரும் டெர்பிஷயர்தான். அந்தத் துடிக்கும் அடிச்சுரங்கள் ஒரே ஒரு கம்பியைச் சுண்டிய ஓசையிலிருந்து வந்தவை. ஒலிநாடாவை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டி, தேவையான ஒவ்வொரு சுரத்தையும் எடுத்து, துண்டுகளாக வெட்டி ஒட்டியிருக்கிறார். ஒலிநாடாவில் காலம் என்பது நீளம். நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் நாடாவில் அரை நொடிச் சுரம் 19 சென்டிமீட்டர். தாளத்தை அளவுகோலால் அளந்து கத்தரிக்கலாம்.

நாடாவின் வேகத்தை மாற்றும்போது நடப்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பாதி வேகத்தில் ஓட்டினால் ஒலியிலுள்ள எல்லா அதிர்வெண்களும் பாதியாகின்றன, அதாவது சுருதி ஒரு ஸ்தாயி இறங்குகிறது. ஓசை அடங்க எடுக்கும் நேரம் இரட்டிப்பாகிறது. ஓர் உலோகப் பொருளை அதே வடிவத்தில், நீளம், அகலம், கனம் எல்லாமே இரு மடங்காக வார்த்தாலும் அதன் அதிர்வெண்கள் பாதியாகத்தான் ஆகும். ஆகவே பாதி வேகத்தில் ஓடும் கிண்ணம் நம் காதுக்கு இரு மடங்கு பெரிய கிண்ணம். இன்னொரு முறை பாதியாக்கினால் அது கோயில் மணி. ஒரு பொருளின் உருவளவைக் காதே கணக்கிட்டுவிடுகிறது. நாம் அதைக் கற்றுக்கொண்ட நினைவுகூட நமக்கு இல்லை.

எதிர்த்திசையிலும் இது வேலை செய்யும். பீட்டில்ஸ் குழு 1965இல் வெளியிட்ட 'இன் மை லைஃப்' பாடலின் நடுவே வரும், கம்பிகளைச் சுண்டி ஒலியெழுப்பும் பழங்கால ஹார்ப்சிகார்டு போன்ற இசை உண்மையில் பியானோ. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், நாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒரு ஸ்தாயி கீழே, மெதுவாக வாசித்துப் பதிந்தார். இயல்பான வேகத்தில் ஓட்டியபோது சுருதி சரியான இடத்துக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு சுரமும் எழும் வேகம் இரட்டிப்பாகி, அடங்கும் நேரம் பாதியானது. கம்பியைச் சுத்தியல் தட்டுவதற்குப் பதில் ஏதோ ஒன்று சுண்டிவிடுவதாகக் காது நினைத்துக்கொண்டது.

மெல்லோட்ரான் என்ற கருவியில் நிலைமை வேறு. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வந்த இதில், ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் ஏறக்குறைய எட்டு நொடி நீளமுள்ள ஒலிநாடா ஒன்று இருக்கும். கட்டையை அழுத்தினால் அந்தச் சுரத்தில் என்றோ ஒருவர் வாசித்த புல்லாங்குழலோ வயலினோ ஒலிக்கும். விட்டால் நாடா பின்னுக்கு இழுக்கப்பட்டு மறுபடி தொடக்கத்துக்கு வந்து நிற்கும். 1967இல் வெளியான பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாடலின் முகப்பில் கேட்பது இந்தக் கருவியின் புல்லாங்குழல். தொடக்கம் அழியாததால் குழல் என்று உடனே தெரிகிறது. ஆனால் மூச்சு ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் ஒரே மாதிரி விழுகிறது. உயிருள்ள எந்தக் கலைஞரும் அப்படி ஊதமாட்டார். அந்த இசையில் கனவுத்தன்மை வருவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பதிவுக்கருவியின் உதவியில்லாமல், இயல்பாகவே அடி தெரியாமல் ஒலிக்கும் கருவிகளும் உண்டு. அவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது மரம் அறுக்கும் ரம்பம். வாசிப்பவர் அமர்ந்து, கைப்பிடியைத் தொடைகளுக்கு இடையே இடுக்கிக்கொண்டு, நுனியை இடக்கையால் பிடித்து, தகட்டை ஆங்கில எஸ் எழுத்தைப் போல இரட்டை வளைவாக வளைக்கிறார். பல் இல்லாத முதுகுப்பக்கத்தில் வயலின் வில்லை இழுக்கிறார். குரலா காற்றா என்று சொல்ல முடியாத ஓர் ஒலி எழுகிறது, வில்லை எடுத்த பிறகும் பல நொடிகள் நிற்கிறது. அதே ரம்பத்தை ஒரே பக்கமாக வளைத்துப் பிடித்தால் ஒலி உடனே செத்துவிடும்.

2022இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இந்த வேறுபாட்டை விரிவாக விளக்கினார்கள். ஒரு தாளைக் கையில் எடுத்து அதை உணரலாம். தட்டையாகப் பிடித்தால் தாள் தொங்கிவிடும். லேசாகக் குழித்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். வளைவு விறைப்பைத் தருகிறது. ரம்பத்தின் இரட்டை வளைவில், ஒரு வளைவு முடிந்து எதிர்வளைவு தொடங்கும் இடம் ஏறத்தாழத் தட்டையானது. அங்கே எழும் அதிர்வு, இருபுறமும் உள்ள விறைப்பான பகுதிகளுக்குள் பரவ முடியாமல் நடுவிலேயே சிறைப்பட்டுவிடுகிறது. கைக்கும் தொடைக்கும் அது போய்ச் சேர்ந்தால்தானே அங்கே உறிஞ்சப்பட்டு அடங்கும்? போய்ச் சேர வழியில்லாததால் நெடுநேரம் பாடுகிறது. வளைப்பைக் கூட்டினால் சுருதி ஏறும். அந்தத் தட்டையான இடமும் நகரும், வில்லும் அதைத் தேடி நகர வேண்டும். கோடோ கட்டையோ எதுவும் அடையாளத்துக்கு இல்லை, காது ஒன்றுதான் துணை. நடிகை மார்லின் டீட்ரிக் இதை வாசிப்பார், இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்கள் முன்னும் வாசித்திருக்கிறார்.

பதிவுகளில் ரம்பத்தையும், தொடாமலே வாசிக்கும் மின்னணுக் கருவியான தெரமினையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. இரண்டிலும் மேற்சுரங்கள், அதாவது அடிப்படைச் சுரத்தோடு கலந்து ஒலிக்கும் உயர்ந்த அதிர்வெண்கள், குறைவு, சுருதி வழுக்கிச் செல்கிறது, தொடக்கத்தில் தட்டல் இல்லை. ஆனால் தெரமினில் அதிரும் பொருளே கிடையாது. ரஷ்யரான லெவ் தெர்மென் 1920 வாக்கில் கண்டுபிடித்த இந்தக் கருவியில் இரண்டு மின் அலையியற்றிகள் இருக்கின்றன. இரண்டும் காதுக்கு எட்டாத உயரத்தில் ஓடுகின்றன. உதாரணத்துக்கு இரண்டுமே நொடிக்கு 3,00,000 அதிர்வுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மாறாதது. மற்றொன்றோடு இணைந்த கம்பியருகே கையைக் கொண்டுபோனால், கையும் கம்பியும் சேர்ந்து ஒரு சிறு மின்தேக்கியாகின்றன. அதன் அதிர்வெண் 2,99,560 ஆகக் குறைகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 440 மட்டும் ஒலிபெருக்கிக்குப் போகிறது. கை நெருங்க நெருங்க வேறுபாடு கூடும், சுருதி ஏறும். இன்னொரு கை ஒலியளவைப் பார்த்துக்கொள்ளும்.

பீச் பாய்ஸின் 1966ஆம் ஆண்டு 'குட் வைப்ரேஷன்ஸ்' பாடலில் வருவது தெரமின் என்று பலரும் எழுதுகிறார்கள். அது வேறு கருவி. குழாயை நீட்டியும் சுருக்கியும் சுருதியை மாற்றும் டிராம்போன் என்ற ஊதுகருவியின் கலைஞரான பால் டேனர், அந்தரத்தில் சுருதியைத் தேடுவதற்குப் பதிலாக, குறியிட்ட பலகைமேல் ஒரு நகர்த்தியை இழுத்து அலையியற்றியின் சுருதியை மாற்றும் அமைப்பை வைத்திருந்தார். இழுகுழாயில் பழகிய கைக்கு அதுதானே இயல்பு!

மிக உயர்ந்த மின்னழுத்தத்தால் காற்றில் மின்பொறி பாய்ச்சும் டெஸ்லா சுருளில் அதிரும் உலோகமும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. மின்பொறி பாயும்போது வழியிலுள்ள காற்று சட்டென்று சூடாகி விரிகிறது. இடி இடிப்பதும் இப்படித்தான். நொடிக்கு நூறு முறை பொறியை எழுப்பினால் நூறு ஹெர்ட்ஸ் சுரம் கிடைக்கும். ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 2011இல் தன் 'பயோஃபிலியா' இசைத்தொகுப்பில் இதை அடிச்சுரத்துக்குப் பயன்படுத்தினார். இங்கே தொடக்கத்தை மறைக்கவே முடியாது. சுரம் முழுவதுமே வெடிப்புகளால் ஆனது.

மறைக்காமல் விடுவதிலும் ஓர் அழகு உண்டு. மாட்மோஸ் என்ற பெயரில் இயங்கும் அமெரிக்க இசைக்கலைஞர்கள் இருவர் 2016இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு முழுவதையும் தங்கள் வீட்டு நிலவறையில் இருந்த ஒரேயொரு சலவை இயந்திரத்தின் ஓசைகளைக் கொண்டு உருவாக்கினார்கள். நீர் நிரம்பும் ஓசை, மோட்டாரின் முனகல், தகரப் பக்கங்களைத் தட்டிய தாளம், இவற்றைக் கணினியில் நீட்டியும் மடித்தும் கிடைத்த சுரங்கள். இடையிடையே இயந்திரம் அடையாளமே தெரியாமல் கரைந்துபோகிறது. 38 நிமிடம் இடைவெளியில்லாமல் ஓடும் அந்தப் படைப்பு துணியின் அளவைத் தேர்ந்தெடுக்கும் குமிழைத் திருகும் கரகரப்பில் தொடங்கி, துவைத்து முடிந்தது என்று இயந்திரம் எழுப்பும் எச்சரிக்கை ஒலியில் முடிகிறது.