குமிழி ஓவியம்: ஸ்ட்ராவைக் கையில் கொடுப்பதற்கு முன்

சின்னக் குழந்தைக்கு ஸ்ட்ரா என்றால் உறிஞ்சும் பொருள். இளநீரிலும் ஜூஸ் பாக்கெட்டிலும் அப்படித்தான் பழகியிருக்கிறது. நுரை எழுப்பி அதைக் காகிதத்தில் பதிக்கும் குமிழி ஓவியத்துக்கு மட்டும் அதே ஸ்ட்ராவில் ஊதச் சொல்கிறோம். டம்ளரில் இருப்பதோ சோப்பும் பெயின்ட்டும் கலந்த தண்ணீர். சிவப்பைக் கலந்தால் ரோஸ் மில்க் போலவே தெரியும். முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

பெயின்ட்டை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை வையுங்கள். மேசையில் பஞ்சுத் துண்டை வைத்து, ஸ்ட்ராவால் ஊதித் தள்ளச் சொல்லுங்கள். அடுத்து, வெறும் குடிநீரில் குபுகுபுவென்று ஊதட்டும். திரும்பத் திரும்ப ஊதியும் தண்ணீர் வாய்க்குள் போகவில்லை என்றால் மட்டுமே சோப்புக் கலவை. மூன்று வயதுக்குக் கீழே ஸ்ட்ராவே வேண்டாம். பெரியவர் ஊத, குழந்தை காகிதத்தை வைத்து எடுக்கட்டும். அந்த வயதில் அதிலேயே போதுமான குதூகலம் இருக்கிறது.

தேர்ச்சி பெற்ற குழந்தையின் ஸ்ட்ராவிலும் ஒரு துளை தேவை. மேல் முனையிலிருந்து சுமார் 4 செ.மீ. கீழே ஸ்ட்ராவை மடித்து, மடிப்பின் ஓரத்தைக் கத்தரியால் துளி நறுக்கினால் போதும். உதடு மூடாத, கலவைக்கு மேலே நிற்கும் இடமாக அது இருக்க வேண்டும். மறதியில் உறிஞ்சினாலும் துளை வழியே காற்று வந்துவிடுவதால் கலவை மேலே ஏறுவது கடினம். ஊதும்போது கொஞ்சம் காற்று வீணாகும். அதனால் துளையைப் பெரிதாக்க வேண்டாம். துளை இருக்கிறதே என்று பக்கத்தை விட்டு நகரவும் கூடாது.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தமிழ்நாட்டில் 2019 முதலும், நாடு முழுவதும் 2022 ஜூலை முதலும் தடை இருக்கிறது. காகித ஸ்ட்ரா கிடைக்கும், ஆனால் சோப்புத் தண்ணீரில் சீக்கிரம் நமுத்துவிடும். ஆளுக்கு இரண்டு மூன்று எடுத்து வையுங்கள். மெல்லிய சிலிக்கோன் ஸ்ட்ரா இன்னும் நல்லது. எவர்சில்வர் ஸ்ட்ரா கூடவே கூடாது: வாயில் வைத்தபடி குழந்தை விழுந்தால் மேலண்ணத்தைக் குத்திவிடும். பப்பாளி இலைக்காம்பும், ஊர்ப்பக்கம் குமிழி விட உடைக்கும் காட்டாமணக்குக் குச்சியும் நமக்கெல்லாம் பிடித்தவைதான். ஆனால் பப்பாளிப் பால் தோலை அரிக்கும், காட்டாமணக்கு நச்சுச் செடி. இரண்டும் குழந்தை வாய்க்கு ஆகாது.

கலவைக்கு ஒரு டம்ளர் அளவு: தண்ணீர் 60 மி.லி., பாத்திரம் தேய்க்கும் லிக்விட் 15 மி.லி., போஸ்டர் கலர் 15 முதல் 20 மி.லி. மெதுவாகக் கலக்குங்கள். டம்ளர் அகலமாக இருக்கட்டும், கலவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரை குறையும்; வடிகட்டிய குடிநீரை எடுங்கள். டம்ளரில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தாலும் நுரை நிற்காது. துணிக்கு அடிக்கும் அக்ரிலிக் காய்ந்தால் உடையை விட்டுப் போகாது, அதைத் தவிருங்கள். ஹோலிப் பொடி, கோலப்பொடி, சாயப்பொடி மூன்றுக்கும் தடை போடுங்கள். அவற்றில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. போஸ்டர் கலர் டப்பாவில் ‘நச்சற்றது’ என்று போட்டிருப்பதால் அது குடிக்கக்கூடியது ஆகிவிடாது.

நுரை டம்ளர் விளிம்பைத் தாண்டிக் கூரை போல எழும்பியதும் ஸ்ட்ராவை எடுத்துவிட்டு, காகிதத்தை அதன் மேல் லேசாகத் தொட்டு, நேராகத் தூக்குங்கள். அழுத்தினால் வெறும் கறைதான் மிஞ்சும். குமிழ்ச் சுவர்கள் சேரும் விளிம்புகளில்தான் திரவம் தேங்குகிறது, வண்ணமும் அதோடு அங்கே சேரும். அதனால்தான் காகிதத்தில் வட்டங்களும் தேன்கூட்டு அறைகளும் கோடுகளாக விழுகின்றன. நுரைக்குள் எப்போதும் மூன்று மூன்று சுவர்களாகவே 120 பாகைக் கோணத்தில் சேரும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோ கண்டறிந்தார். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கோணம் புரியாது. “ஒரு முக்கில் எத்தனை கோடு சேருது, எண்ணு” என்றால் எண்ணிவிடும்.

நுரை வருகிறது, காகிதத்தில் வண்ணம் விழவில்லையா? பெயின்ட் போதவில்லை. வண்ணம் அடர்த்தி, குமிழி எழவில்லையா? பெயின்ட் கூடிவிட்டது, தண்ணீரும் லிக்விட்டும் கொஞ்சம் சேருங்கள். சிறிது நேரம் வைத்தால் நிறமி அடியில் படியும், இடையிடையே கலக்க வேண்டும். மஞ்சள் வெள்ளைத் தாளில் தெரியாது. கருநீலம், கரும்பச்சை, மெஜந்தா நன்றாக விழும். ஜெராக்ஸ் தாள் சுருண்டுவிடும், வழுவழு சார்ட் ஈரத்தை இழுக்காது. டிராயிங் தாள்தான் சரி. மெதுவாக ஊதினால் பெரிய குமிழி, வேகமாக ஊதினால் பொடி நுரை. நாலைந்து ஊதலுக்கு ஒரு ஓய்வு கொடுங்கள், இல்லாவிட்டால் தலை சுற்றும்.

பேச்சு தாமதமாகும் குழந்தையைக் குமிழி ஊதப் பழக்கினால் பேச்சு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஊதும் பயிற்சியால் பேச்சொலிகள் திருந்தும் என்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்று இல்லை. பயன் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் ஊதி நிறுத்திவிட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். “இன்னும்”, “ஊது”, “போச்சு!” என்று ஒரு சொல்லோ சைகையோ வந்ததும் மறுபடி ஊதுங்கள். பேச்சுத் தாமதம் பற்றிய கவலை இருந்தால் குமிழியை நம்பி மாதங்களைக் கடத்தாமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

கலவை கொஞ்சம் வாய்க்குள் போய்விட்டால் துப்பச் சொல்லி, வாயைக் கொப்பளிக்க வைத்து, இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நுரை மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து அதில்தான் அதிகம். விடாத இருமல், மூச்சுத் திணறல், தொடர் வாந்தி இருந்தால் உடனே மருத்துவமனை, தேவைப்பட்டால் 108. கண்ணில் தெறித்தால் தேய்க்க விடாமல், ஓடும் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அதற்குப் பிறகும் எரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆளுக்கொரு டம்ளர், ஆளுக்கொரு ஸ்ட்ரா, இரண்டிலும் பெயர் ஒட்டுங்கள். டைல்ஸ் தரையில் நாளிதழ் விரித்தால் சோப்பு பட்டு வழுக்கும். பழைய சாக்கை விரிப்பதே மேல். மிச்சக் கலவையில் எச்சில் கலந்திருக்கும், மறுநாளைக்கு எடுத்து வைக்காமல் அன்றே கொட்டிவிடுங்கள்.