சரளைக்கல்லுக்கு இடம் மேலேதான்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், கோல்செஸ்டர் பக்கம், பெத் சாட்டோ என்ற தோட்டக்கலைஞர் 1990களின் தொடக்கத்தில் ஒரு பழைய கார் நிறுத்துமிடத்தைத் தோட்டமாக்கினார். மண் என்று பார்த்தால் மணலும் கூழாங்கல்லும்தான். ஆண்டுக்குக் கிடைக்கும் மழை சுமார் 500 மில்லிமீட்டர்; சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. இறுகிக் கிடந்த தரையைக் கிளறி, மட்கு கலந்து, செடிகளை நனைத்து நட்டதோடு சரி. அப்புறம் குழாய்த் தண்ணீர் கிடையாது என்பது அவர் வைத்த நிபந்தனை. அந்தத் தோட்டத்தில் ஸ்டிபா ஜைஜான்டியா என்ற புல் இரண்டு மீட்டர் உயரத்துக்குக் கதிர் விடுகிறது.

செடிகளைச் சுற்றிப் பரப்பிய சரளை அழகுக்காக மட்டும் அல்ல. வெயிலில் மேல்மண் காயும்போது, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல மண்ணின் நுண்துளைகள் கீழேயிருக்கும் ஈரத்தை மேலே இழுக்கும். அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். சரளைக்கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளோ பெரியவை. அவற்றில் தண்ணீரால் ஏற முடியாது. ஆக, ஈரம் கல்லுக்கு அடியிலேயே நின்றுவிடுகிறது. ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினாலே வித்தியாசம் தெரியும்.

இதே இயற்பியல், கல்லை அடியில் போட்டால் காலை வாரிவிடும். பொடிமண்ணிலிருந்து பெரிய இடைவெளிகளுக்குத் தண்ணீர் லேசில் இறங்காது. மேலே உள்ள மண் நனைந்து ஊறித் தளும்பிய பிறகே இறங்கும். பூந்தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்று நர்சரிகளில் இன்றும் சொல்கிறார்கள். உண்மையில் சொதசொதப்பு வேருக்கு இன்னும் கிட்டத்தில் வந்துவிடுகிறது!

வறண்ட நிலத்துப் புற்களுக்கு வறட்சியைவிடக் குளிர்கால ஈரம்தான் பெரிய எதிரி. புல்லின் குருத்து தரைமட்டத்தில் இருப்பதால் அந்தக் கழுத்துப்பகுதி ஈரத்திலேயே கிடந்தால் அழுகிவிடும். கல் பரப்பு அதைக் காயவைக்கிறது. வறட்சியைப் புல்லே பார்த்துக்கொள்ளும். இலையின் மேற்புறத்தில் விசிறிபோல் அமைந்த பெரிய செல்கள் உண்டு. நீர் குறைந்தால் அவை சுருங்க, இலை உள்பக்கமாகச் சுருள்கிறது. நீராவி வெளியேறும் இலைத்துளைகள் பலவும் அந்தக் குழலுக்குள் ஒளிந்துகொள்கின்றன. தண்ணீர் இல்லாத வயலில் நெற்பயிர் இலை சுருட்டுவதும் இப்படித்தான். ஸ்டிபா டெனுயிசிமா என்ற இன்னொரு புல் இதில் ஒரு படி மேலே: அதன் இலைகள் எப்போதுமே நூலாகச் சுருண்டுதான் இருக்கும்.

பிறகு உரம் போடும் ஆசையை அடக்க வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் புல் மதமதவென்று வளர்ந்து, தண்டு வலுவில்லாமல் சாய்ந்துவிடும்.

ஒரு தொல்லையும் உண்டு. மண்ணுக்குள் கிடக்கும் வேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும் களைகளைச் சரளை தடுக்காது. விதைகளுக்கோ, கற்களின் இடுக்கில் தங்கும் ஈரம் நல்ல நாற்றங்கால். டெனுயிசிமா அங்கே தானாகவே விழுந்து முளைத்துப் பெருகும். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த இந்தப் புல் ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் தடைசெய்யப்பட்ட களை. வளர்க்க அனுமதியுள்ள இடங்களிலும், விதை உதிரும் முன்பே கதிரை அறுத்துவிடுவது நல்லது.