கணக்கெடுக்க வருகிறோம், இரண்டு மணி நேரம் உட்காருங்கள்

மொரிஷியஸில் சுகாதாரக் கணக்கெடுப்புக்குப் போகும் எங்களிடம் தவறாமல் வரும் கேள்வி: "எனக்கு ஒன்றும் இல்லையே மிஸ், என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள்?" ஒன்றும் இல்லை என்று நினைப்பவர்தான் எங்களுக்கு வேண்டும். கிளினிக் பதிவேட்டில் இருப்பது உடம்புக்கு முடியாமல் தேடி வந்தவர்களின் பெயர்கள். சர்க்கரை ஏறியும் தெரியாமல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருப்பவர் அதில் இருக்கமாட்டார். அதை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் அவர் கணக்கிலேயே வரமாட்டார்.

1987-ல் இங்கே நடந்த ஆய்வு இதைத்தான் வெளியே கொண்டுவந்தது. 25 முதல் 74 வயது வரை சுமார் 5,000 பேரைச் சோதித்தார்கள். நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சர்க்கரை வியாதி. நம் இந்திய வம்சாவளிக்கு மட்டும் வரும் வியாதி என்ற பேச்சும் அதோடு பொய்யானது. ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல், சீனர் என்று எல்லோரிடமும் இருந்தது.

அதே ஆண்டு அரசு இன்னொரு காரியம் செய்தது. வீட்டுக்கு வீடு புழங்கிய ரேஷன் எண்ணெய் அதுவரை பெரும்பாலும் பாமாயில். அதைச் சோயா எண்ணெயாக மாற்றினார்கள். யாரும் நாக்கைக் கட்ட வேண்டியிருக்கவில்லை. கத்தோ பிமாம் (மிளகாய் போட்ட பருப்பு வடை) பொரிந்த சட்டியில் எண்ணெய் மட்டும் மாறியது. 1992-ல் மறுபடி அளந்தபோது சராசரி கொலஸ்டிரால் லிட்டர் ரத்தத்துக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. புகை பிடிக்கும் ஆண்கள் 58 சதவீதத்திலிருந்து 47-க்கு வந்திருந்தார்கள். கொலஸ்டிரால் இறக்கம் முழுவதற்கும் எண்ணெயே காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. கணக்குப் போட்டு, ஒரு பகுதிக்குத்தான் அது பொறுப்பு என்றார்கள். அந்த நேர்மைக்காகவே அந்தக் கணக்கை நான் நம்புகிறேன்.

அதே ஐந்து ஆண்டில் உடல் பருமன் கூடியது. சர்க்கரை இறங்கவில்லை. 1998-ல் கிட்டத்தட்ட 18 சதவீதம். இன்று பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். எண்ணெய் விஷயத்தில் பலித்தது இதில் ஏன் பலிக்கவில்லை? என் கணிப்பு: எண்ணெய் அரசின் கையில் இருந்தது. நடையும் சோற்றின் அளவும் மக்களின் தலையில் விழுந்தன, அறிவுரையாக. பள்ளிக் கேன்டீனில் குளிர்பானத்தை நிறுத்தியதும், 2013-ல் பானத்திலுள்ள சர்க்கரைக்குக் கிராம் கணக்கில் வரி போட்டதும் அப்புறம் வந்தவை. இன்னொன்றும் உண்டு. சர்க்கரைக்காரர்கள் நல்ல சிகிச்சையால் கூடுதல் காலம் வாழ்ந்தாலும் இந்தச் சதவீதம் ஏறும். அதனால் ஒரே சதவீதத்தைக் காட்டித் 'தோல்வி' என்று மேடையில் முழங்குகிறவரிடம், புதிதாக எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேர் காலை இழந்தார்கள் என்று கேட்க வேண்டும். டயாலிசிஸ் இயந்திரம் திறக்கும் விழாவுக்குக் கூட்டம் சேரும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதே வயதினரை அதே முறையில் அளக்கப் பணம் ஒதுக்குவதற்கு யாரும் மாலை போடுவதில்லை.

களத்தில் இதைக் கெடுப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். பட்டியலில் உள்ள வீடு பூட்டியிருக்கும். அடுத்த தெரு தாந்தின் (அத்தை மாதிரி ஒரு பெரியம்மா) ஆசையோடு வந்து, "அவங்க இல்லேன்னா என்னைப் பாரேன் மகளே" என்பார். ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பலாம், பூட்டிய வீட்டுக்குப் பதிலாகச் சேர்க்க முடியாது. ஓய்வாக வீட்டில் இருப்பவர்களே கணக்கில் நிறைந்தால், கடையிலும் ஹோட்டலிலும் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் விடுபடுவார்கள். தைப்பூசக் காவடிக்கு முந்தின விரத நாட்களில் உணவுக் கேள்வித்தாளோடு நம் ஆட்களிடம் போனால் கேட்கவே வேண்டாம், எல்லோரும் காய்கறிதான்! மீனும் கோழியும் மாயமாய் மறைந்திருக்கும். தேதி குறிக்கும் அதிகாரிக்கு இதைச் சொல்ல ஊர்க்காரர் ஒருவராவது கூட்டத்தில் இருக்க வேண்டும்.

மிகவும் சங்கடம் அந்த இரண்டு மணி நேரம்தான். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொடுத்து உட்கார வைப்போம். ஒரு மணி நேரத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார், இன்னொருவர் பஸ் போய்விடும் என்பார். பாதியில் எழுந்து போனால் இரண்டாவது ரத்தம் இல்லை. வெறும் வயிற்றில் சரியாக இருந்து, குடித்த பிறகு ஏறுகிறவர்களை அப்புறம் கண்டுபிடிக்க வழியில்லை. அரை நாள் கூலி போகிறதே என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். அந்தக் கூலியையும் ஆய்வுச் செலவில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

உங்கள் தெருவுக்குக் குழு வந்தால், முந்தின இரவு பத்து மணிக்குமேல் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். ஏற்கனவே சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் வந்தவுடனே சொல்லிவிடுங்கள், மாத்திரை அட்டையையும் கொண்டுவாருங்கள். அவர்களுக்கு அந்தக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுப்பதில்லை.